அப்பா கொடுத்த ரிப்போர்ட்

அத்தியாயம் 11

போன வாரம் அக்கா செய்த காரியம் உங்களுக்கு நினைவிருக்கும். மறந்திருந்தாலும் பாதகமில்லை. தங்கையின் கணவர், ராணுவத்தில் கார்ப்பரலாக இருப்பவர், அவளை அடிக்கிறார் என்ற விஷயத்தை அக்கா அப்பாவிடம் போட்டு உடைத்தாள். உடைப்பதற்கு முன்னால், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்பா டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொடுத்த வாக்கை மீறாதவர். அந்த நம்பிக்கையில் அக்கா நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த நிம்மதிக்கு ஆயுசு அவ்வளவுதான்.

இன்று பயிற்சி முகாம் முடிந்து கார்ப்பரல் திரும்புகிறார். மாலை நான்கு மணிக்கு வண்டிகள் வந்துவிடும். அதற்குள் தங்கையும் அவளுடைய நான்கு வயது மகளும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போய்விட வேண்டும். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் அறை தயார். எல்லாம் லைப்ரரி மேடத்தின் ஏற்பாடு.

லைப்ரரி மேடத்துக்கும் புத்தகத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ராணுவக் குடும்பங்களுக்கான உதவி மையத்தின் ஆலோசகர் அவர். மையம் நூலகத்துக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே போகிற பெண்கள் யார் கண்ணையும் உறுத்தக் கூடாது என்று கையில் ஒரு புத்தகத்தோடுதான் போவார்கள். இந்தக் குவார்ட்டர்ஸில் இத்தனை பேர் படிக்கிறார்களா என்று வியந்து மேலிடம் நூலகருக்குப் பாராட்டு வேறு அனுப்பியிருந்தது. தங்கை கையில் கிடைத்ததை எடுத்தாள். அது தேனீ வளர்ப்பு பற்றிய புத்தகம். மறுபடியும் மறுபடியும் அதையே எடுத்ததைப் பார்த்து நூலகர், "எத்தனை பெட்டி வச்சிருக்கீங்கம்மா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

அந்த மையத்தில் இரண்டு வழிகள் உண்டு. அமைதி வழியில் போனால் ஆலோசகருக்கும் டாக்டருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. திறந்த வழியில் போனால் கணவரின் மேலதிகாரியான மேஜருக்குத் தகவல் போகும், விசாரணை வரும். தங்கை அமைதி வழியைத் தேர்ந்தெடுத்தாள். சார்ஜென்ட் பதவி உயர்வுப் பட்டியலில் கார்ப்பரலின் பெயர் இருந்தது. "என் வாழ்க்கையைக் கெடுத்துட்ட" என்று அவர் காலமெல்லாம் சொல்லிக்காட்டுவார் என்ற பயம் அவளுக்கு.

அமைதி வழிக்கு ஒரே ஒரு நிபந்தனை. வேறு யார் மூலமாவது விஷயம் மேஜரின் காதுக்குப் போய்விட்டால், அந்த வழி அத்தோடு மூடிக்கொள்ளும்.

அக்கா டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அந்த வண்டியிலேயே வந்து இறங்கினாள். வண்டியின் தலையில் 'L' போட்ட பெரிய பலகை. வாசல் காவலர் ஆலோசகர் கொடுத்த பாஸைப் பார்த்துவிட்டு, "பார்த்துப் போங்க, உள்ளே குழந்தைங்க விளையாடுது" என்றார்.

"நான் கத்துக்க வரல தம்பி, கத்துக்குடுக்க வந்திருக்கேன்" என்று அக்கா வண்டியைக் கிளப்பினாள்.

வீட்டுக்குள் இரண்டு பைகள் தயாராக இருந்தன. தங்கை மூன்றாவது பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பாப்பா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது.

"இது எதுக்குடி, மைக்ராஸ்கோப்பா?"

"என்னோடதுக்கா. லேப்ல வேலை பார்த்தப்ப வாங்கினது. இத விட்டுட்டு வர மாட்டேன்."

தங்கை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். ஒவ்வொரு இடமாற்றத்திலும் ஒரு வேலை போனது. இந்த ஊருக்கு வந்ததும், "இனிமே நீ வேலைக்குப் போக வேணாம்" என்று கார்ப்பரல் முடிவு செய்துவிட்டார். அதைக் கேட்ட எல்லோரும் மனைவி மேல் எவ்வளவு கரிசனம் என்று நினைத்தார்கள்.

அப்போதுதான் அப்பா வந்தார். ஓய்வு பெற்றவர்களுக்கான அட்டை இருப்பதால் அவரை வாசலில் யாரும் நிறுத்துவதில்லை. மடிப்புக் கலையாத சட்டை, பளபளவென்று ஷூ. முகத்தில் ஒரு வெற்றிக் களை.

"பையெல்லாம் எதுக்கு? பிரிச்சு வைங்க. காரியத்த முடிச்சிட்டேன்."

அக்கா அவரை நோக்கித் திரும்பினாள். "என்ன காரியம்ப்பா?"

"காலைல மேஜர் ஆபீஸ் தொறந்ததும் நேரா போய் ரிப்போர்ட் பண்ணிட்டேன். கேடட்டா இருந்தப்ப என்கிட்ட டிரில் கத்துக்கிட்ட பையன் அவன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னுட்டான் தெரியுமா?"

"அப்பா! யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே!"

"யார்கிட்டம்மா சொன்னேன்?" அப்பாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "பக்கத்து வீட்ல சொன்னேனா? உங்க சித்தப்பாகிட்ட மூச்சு விட்டேனா? மேலதிகாரிகிட்ட ரிப்போர்ட் பண்றது சொல்றதுல சேராது."

இதை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வாசகர்களே. சட்டைப் பொத்தான் அறுந்தாலும் மேலே ஒருவரிடம் ரிப்போர்ட் செய்தே பழகிய மனிதர். மேலே சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று மனதார நம்புகிறவர். மேஜர் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்பார், மாப்பிள்ளை அடங்கிவிடுவார், மகள் வீடு வீடாகவே இருக்கும். அவர் போட்ட கணக்கு அது.

தங்கை மைக்ராஸ்கோப்பை மெதுவாக மேஜை மேல் வைத்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?"

"உன் நல்லதுக்குத்தானே..."

"கேட்டீங்களா?"

அப்பா குனிந்து தன் பளபள ஷூவைப் பார்த்தார்.

தங்கையின் கைபேசி அடித்தது. லைப்ரரி மேடம். அக்காவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேஜர் இப்பத்தான் கூப்பிட்டார். அவருக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. தெரிஞ்சப்புறம் அவர் சும்மா இருக்க முடியாது, விதி அப்படி. சாயங்காலம் உங்க வீட்டுக்காரர் வந்து இறங்கினதும் விசாரிப்பார். அமைதி வழி முடிஞ்சிருச்சு."

"ஐயோ" என்று அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பழக்க தோஷத்தில் அவள் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது.

"இப்ப நான் என்ன செய்யணும் மேடம்?" என்றாள் தங்கை.

"நான் சொல்ல மாட்டேன், நீங்கதான் முடிவு பண்ணணும். விடுதியில இடம் இருக்கு, இப்பவே போகலாம். இல்லேன்னா வாய்மொழியா, எழுத்துல, எப்படி வேணா புகார் குடுக்கலாம். குடுத்தா அவரைப் பாரக்ஸ்ல தங்கச் சொல்லி மேஜர் உத்தரவு போட முடியும். உங்களைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, ஆள் விட்டும் பேசக் கூடாது."

"அப்ப இந்த வீடு? அவர் பேர்லதானே இருக்கு?"

"இருக்கட்டும். விசாரணை முடியற வரைக்கும் நீங்களும் குழந்தையும் இங்கயே இருக்கலாம். அதுக்கும் விதி இருக்கு."

தங்கை போனை வைத்தாள். கொஞ்ச நேரம் அந்தப் பைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யோசிக்க நேரமில்லடி, கிளம்பு" என்றாள் அக்கா. "வண்டி வாசல்லயே நிக்குது. அந்த ஆளு வர்றப்ப நீ இங்க இருக்கக் கூடாது."

"கிளம்பி?"

"கிளம்பி நிம்மதியா இரு!"

"யாருக்கும் தெரியாம போறதுக்குத்தான்க்கா பை கட்டினேன். தெரிஞ்சுபோச்சு. இனிமே எதுக்கு ஓடணும்? பாப்பா ஸ்கூல் இங்க இருக்கு. நான் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிற ஆஸ்பத்திரி இங்க இருக்கு. அடிச்சவர் வீட்ல இருக்க, அடி வாங்கினவ வெளிய போகணுமா?"

சொல்லிவிட்டு முதல் பையைத் திறந்தாள். பாப்பாவின் கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் முதல்முறையாகப் பயத்தை விடக் கோபம் பெரிதாக இருந்தது. அந்தக் கோபத்தில் பாதி அப்பாவுக்கு உரியது.

"புகார் குடுக்கப் போறேன். நீங்க ரெண்டு பேரும் வர்றதா இருந்தா வாங்க. வந்தா யாரும் எனக்காகப் பேசக் கூடாது."

அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் வாயை மூடுவது எவ்வளவு அபூர்வம் என்பது பத்து அத்தியாயம் படித்த உங்களுக்குத் தெரியும்.

பாப்பாவை லைப்ரரி மேடத்தின் உதவியாளரிடம் விட்டுவிட்டு, மேடத்தையும் சேர்த்து நால்வரும் மேஜரின் அறைக்குப் போனார்கள். லைப்ரரி மேடம் தங்கைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா உட்காரவில்லை. சுவரை ஒட்டி நின்றார்.

தங்கை பேசினாள். முதலில் குரல் உள்ளே போனது. பிறகு, பரிசோதனை முடிவைப் படிக்கிற மாதிரி, எப்போது, எங்கே, எதற்காக என்று வரிசையாகச் சொன்னாள். சாப்பாடு ஆறியதற்காக ஒரு முறை. போனை எடுக்கத் தாமதமானதற்காக ஒரு முறை. மேஜர் வீட்டு விருந்தில் அவள் சிரித்துப் பேசியதற்காக ஒரு முறை. தன் வீட்டில் நடந்த அந்த விருந்து மேஜருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்தார்.

"நல்ல சிப்பாய் அவர். அடுத்த வாரம் ப்ரமோஷன் பட்டியல் போகுது" என்று மென்று விழுங்கினார். "நான் உங்களைத் தடுக்கல. ஆனா கூப்பிட்டுக் கண்டிச்சா சரியாகிடும்னு உங்களுக்குத் தோணினா..."

மேஜர் நிமிர்ந்து சுவரோரம் பார்த்தார்.

"நீங்க என்ன சார் சொல்றீங்க?"

அறையில் இருந்த அத்தனை பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். அந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தவரே அவர்தான். அணிவகுப்பில் முழங்கை மடங்காமல் கை வீசி நடந்ததைப் பார்த்து, "பையன் தங்கம்" என்று வீட்டுக்கு வந்து அறிவித்தவர். காலையில் இதே அறையில், கூப்பிட்டுக் கண்டித்தால் போதும் என்று சொன்னவரும் அவர்தான்.

"என்னை ஏன் கேக்குறீங்க?" என்றார் அப்பா. "பட்டது அவ. அவளைக் கேளுங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் நீர் முட்டியதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று.

"எனக்கு உத்தரவு வேணும் சார்" என்றாள் தங்கை.

மேஜர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு ஒன்று சொன்னார். "இது மூணு நாளைக்குத்தான் செல்லும். நீட்டிக்கணும்னா மேலிடம் கேள்வி கேக்கும். நீங்க டாக்டர்கிட்ட போனப்ப காயமெல்லாம் ஆறியிருக்கு. அக்கம்பக்கத்துல யாரும் எதுவும் கேக்கலைங்கறாங்க. உங்க வார்த்தைக்குப் பக்கபலமா இன்னொரு ஆள் வேணும். அவர் எப்படிப்பட்டவர்னு நேர்ல பார்த்த ஆள்."

"அப்படி யாரும் இல்ல சார். ஆள் இருக்கிறப்ப அவர் என்மேல கை வச்சதில்ல."

"தேடிப் பார்ப்போம்" என்றார் லைப்ரரி மேடம். "மூணு நாள் இருக்கு."

நான்கு மணிக்குச் சமையலறை ஜன்னலில் மூவரும் நின்றார்கள். வண்டிகளின் இரைச்சல் கேட்டது. உடனே கூடத்தில் பாப்பா எழுந்து போய் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, பொம்மைகளைப் பெட்டிக்குள் அள்ளிப் போட்டது. யாரும் சொல்லவில்லை. அதுவாகச் செய்தது.

அப்பா அதைப் பார்த்தார். இத்தனை நாளில் இப்போதுதான் பார்த்தார். ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சத்தமா வச்சுக்கோடா கண்ணு" என்று தங்கை போய் டிவியைத் திரும்பக் கூட்டினாள். "உங்கப்பா இன்னிக்கு இங்க வரல."

தூரத்தில் கார்ப்பரல் வண்டியிலிருந்து குதித்து இறங்குவது தெரிந்தது. மேஜரும் இரண்டு பேரும் அவரிடம் போனார்கள். ஒரு காகிதம் கை மாறியது. கார்ப்பரல் அதைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்கி, நேராக இந்த ஜன்னலைப் பார்த்தார். தங்கை நகரவில்லை. அவர் வீட்டுப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். கூட இருந்தவர் தோளில் கை வைத்து அவரை மறுபக்கம் திருப்பினார். கல்யாணமாகாத சிப்பாய்கள் தங்கும் பாரக்ஸை நோக்கி நால்வரும் நடந்தார்கள்.

"போயிட்டான்டி" என்று அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

அக்கா டீ போட்டாள். சர்க்கரையை இரண்டு முறை போட்டுவிட்டாள். யாரும் குறை சொல்லாமல் குடித்தார்கள்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "உன்னைக் கேக்காம போனது தப்பும்மா."

"ஆமாப்பா, தப்புதான்" என்றாள் தங்கை. பரவாயில்லை என்று அவள் சொல்லுவாள் என அப்பா எதிர்பார்த்திருக்கலாம். அவள் சொல்லவில்லை. ஆனால் அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.

அப்பாவின் கைபேசி அடித்தது. மாப்பிள்ளை.

"எடுக்காதீங்க" என்றாள் அக்கா. "ஆள் விட்டும் பேசக் கூடாதுன்னு உத்தரவு."

அதற்குள் அப்பாவின் விரல் பழக்கத்தில் பச்சையைத் தொட்டுவிட்டது. மாப்பிள்ளை போட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"மாமா, அவகிட்ட சொல்லுங்க. தப்பா சொல்லிட்டேன்னு மேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும், எல்லாம் முடிஞ்சிரும். இல்லேன்னா நடக்கறதே வேற. எங்கம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன். காலைல முதல் பஸ்ல வர்றாங்க. அவங்களுக்கு நிரந்தர பாஸ் இருக்கு, வாசல்ல எவனும் நிறுத்த முடியாது. பாப்பாவத் தூக்கிட்டுப் போயிருவாங்க. உத்தரவு எனக்குத்தான், எங்கம்மாவுக்கு இல்ல."

"பேசி முடிச்சிட்டியா?" என்றார் அப்பா.

"மாமா, நீங்களாவது..."

"இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாத. கூப்பிட்டதையும் நான் சொல்லப் போறேன்." அணைத்துவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லட்டுமாம்மா?"

"சொல்லுங்கப்பா."

லைப்ரரி மேடம் போனில் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பாப்பாவின் பாட்டியைத் தடுக்கத் தன்னிடம் விதி எதுவும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். காலையில் முதல் வேலையாக வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார்.

"வரட்டும் அந்தம்மா" என்று அக்கா புடவையை இழுத்துச் செருகினாள். "வாசல்ல வண்டியக் குறுக்க நிறுத்துறேன். எப்படித் தூக்கிட்டுப் போறாங்கன்னு பார்க்கிறேன்."

அப்போது தங்கையின் கைபேசி அடித்தது. திரையில் "அத்தை" என்று வந்தது. கார்ப்பரலின் அம்மா.

"குடு, நான் பேசுறேன்" என்று அக்கா கை நீட்டினாள். அப்பாவும் எழுந்தார். தங்கை இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தானே எடுத்தாள்.

"நான்தான் பேசுறேன் அத்தை."

அந்தம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால் தங்கையே முந்திக்கொண்டாள்.

"பாப்பாவ நான் அனுப்ப மாட்டேன் அத்தை. நீங்க என்ன சொன்னாலும் சரி."

"அனுப்பாதம்மா."

தனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தங்கைக்குத் தோன்றியது.

"நான் வர்றேன். அவன் சொல்லித்தான் வர்றேன்னு அவன் நினைக்கட்டும்" என்றது அந்தக் குரல். "உங்க மேஜர் எத்தனை மணிக்கு ஆபீஸுக்கு வருவார்?"

"எதுக்கு அத்தை?"

"போன தடவை லீவுல வந்தப்ப என் கையை உடைச்சிட்டான்ம்மா. கதவுல மாட்டிக்கிச்சுன்னு ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "உனக்கு எங்க அடி?"

எதிரே அக்காவும் அப்பாவும் என்ன, என்ன என்று சைகையில் கேட்டார்கள். தங்கை அவர்களைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இதுவரை மேஜரிடம்கூட அழாமல் சொன்னவளுக்கு இப்போது அழுகை வந்தது.

"தோள்ல அத்தை" என்றாள்.